பாடகி காணவில்லை

"பாடகியைக் காணோம்!"

தொலைபேசியில் ஒரு பெண்குரல் விம்மியது. நான் பென்சிலை எடுத்துக் கூர் பார்த்துக்கொண்டேன். இரண்டு மாதமாக எங்கள் அலுவலகத்துக்கு வந்ததெல்லாம் காணாமல் போன பூனை, காணாமல் போன பனி தள்ளும் இயந்திரம், காணாமல் போன கணவன். (கணவன் கிடைத்துவிட்டான். மனைவிதான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.) பாடகி என்பது பெரிய முன்னேற்றம்.

"எப்பலேர்ந்து காணோம்?"

"மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்."

"கடைசியா எங்க பாத்தீங்க?"

"பாக்கல. கேட்டேன்."

"கூட யார் இருந்தாங்க?"

"கிடார்காரரும் அக்கார்டியன்காரரும். அவங்க இப்பவும் இருக்காங்க. அவங்க பாட்டுக்கு வாசிச்சிக்கிட்டே இருக்காங்க!"

எவ்வளவு கல்நெஞ்சு பாருங்கள். கூட இருந்தவளைக் காணவில்லை, ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் தேடக் கூடாதா?

"பாஸ், ஆள் கடத்தல்!" என்று கத்தினேன்.

என் பாஸ் பெர்னடெட் கரியேர் பூட்ஸை மாட்டத் தொடங்கியிருந்தார். முன்பு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவர். எரியாத வீட்டில் சாம்பலையும் எரிந்த வீட்டில் பெட்ரோலையும் மோந்து கண்டுபிடித்த மூக்கு அது. இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் கிளைவ் ஃப்ளெட். கார் ஓட்டுவது, காபி வாங்குவது, நகைச்சுவை என்று மூன்று வேலை. மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது, அதைத்தான் நிறையச் செய்கிறேன்.

வின்னிபெக்கின் ஜனவரிக் குளிரில் காரைக் கிளப்புவது என்றால், எஞ்சின் உறையாமல் சூடாக்கும் மின் ஒயரை முதலில் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். பிடுங்கினேன், கிளப்பினேன், செல்கர்க் அவென்யூவில் தேவாலயத்துக்குப் பின்புறம் நிறுத்தி மறுபடி சொருகினேன். கீழ்த்தள மண்டபத்தின் கதவில் ஓர் அறிவிப்பு: "சூரியகாந்தி விதையுடன் உள்ளே வராதீர்கள். தோலைப் பெருக்குவது நாங்கள். மகளிர் அணி."

உள்ளே பிளேயர் பைத்தியங்களின் வருடாந்தரக் கூட்டம். பையில் வைத்துப் பாட்டுக் கேட்கும் சின்னப் பெட்டிகள் மேசை மேசையாக அடுக்கியிருந்தன. ஒருவர் ஒயரைத் தடவிப் பார்த்து "வெள்ளி" என்று பெருமூச்சு விட்டார். இன்னொருவரின் புதுப் பிளேயர் யாரும் கேட்காமல் மூலையில் தானாகப் பாடிக்கொண்டிருந்தது. பாடப் பாடச் சத்தம் பதமாகிறதாம், தொடக் கூடாதாம். எனக்கு எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிதான் கேட்கும். அதை அங்கே சத்தமாகச் சொல்லியிருந்தால் நான் காரில் அல்ல, ஆம்புலன்ஸில் வீடு திரும்பியிருப்பேன்.

எங்களை அழைத்தவள் லாரிசா டெம்சுக். சின்ன உருவம், நெற்றியில் பூதக்கண்ணாடி, கண் இரண்டும் சிவப்பு. வந்ததும் வராததுமாக ஒரு ஹெட்போனை என் தலையில் கவிழ்த்தாள்.

கிடார் கேட்டது. அக்கார்டியன் கேட்டது. நடுவில் பாட வேண்டியவள் மட்டும் இல்லை. அடுத்த வீட்டுக் குளியலறையில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு பாடுவதுபோல் கொஞ்சம் எதிரொலி, அவ்வளவுதான்.

"இது பாட்டாச்சே!" என்றேன்.

"பின்ன?"

"அப்ப பாடகி... பாட்டுக்குள்ளேர்ந்தா காணாமப் போனா?"

"வேற எங்கேர்ந்து போவா?"

பாஸ் ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டார். முகத்தில் புன்னகை வந்தது. சம்பளம் வராத வழக்குகளுக்குத்தான் அவர் இப்படிச் சிரிப்பார்.

"ஏன் இப்படி ஆகுது?"

லாரிசா மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு காதுக்கும் பொதுவா ஒரு தொடுப்பு உண்டு. அது விட்டுப்போச்சுன்னா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர்ற சத்தம் ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கிட்டுக் காலியாயிடும். வாத்தியமெல்லாம் ஓரத்துல நிக்குது, தப்பிச்சிடுச்சு. பாடகி நடுவுல நிப்பா."

"நடுவுல நிக்கிறவங்க கதி எங்கயும் இதுதான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"ஹெட்போனை மாத்திப் பாத்தியா?" என்றார் பாஸ்.

"நாலு மாத்தினேன். எல்லாத்துலயும் இப்படித்தான். கோளாறு உள்ளதான். ஒண்ணு, என் சால்டரிங் விட்டுப்போச்சு. இல்லன்னா எவனோ திறந்து வெட்டிட்டான்."

"திறந்து பாரேன்."

"முடியாதே!" பிளேயரைத் திருப்பிக் காட்டினாள். மூடியின் விளிம்பில் நூலகத்தின் முத்திரைச் சீட்டு, கிழியாமல். "காலைல ரெண்டு பிளேயருக்கும் ஒட்டிட்டாங்க. சீட்டைக் கிழிச்சவங்க போட்டிய விட்டு வெளிய."

போட்டி இதுதான். கண் தெரியாத வாசகர்களுக்கு நகர நூலகம் புத்தகங்களைக் குரலில் பதிந்து, பிளேயரோடு வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறது. அந்தப் பிளேயர்களில் பாதி பேட்டரி போய்ச் செத்துக் கிடக்கின்றன. அதே ரகத்தில் ஒன்றைத் திறந்து, பேட்டரியும் மெமரி கார்டும் புதிதாகப் போட்டு, "இது புதுசுக்கு இளைச்சதில்ல" என்று லாரிசா நிற்கிறாள். பழையதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, தன் கடையின் பசை போட்டு ஒட்டிய புதுப் பிளேயரை வாங்கச் சொல்கிறார் கார்னெட் பென்னர். மூன்று மணிக்கு நூலகத்தின் சிக்ரூன் தோர்லாக்சன் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டையும் கேட்டு முடிவு சொல்வார்.

"ஜெயிச்சா அத்தனை பிளேயரும் என் மேசைக்கு வரும்" என்றாள் லாரிசா. "அதை நம்பி பஸ் டிப்போ வேலைய போன வெள்ளிக்கிழமைதான் விட்டேன். இப்ப சோதனையில அந்த அம்மா கேக்குறப்ப குரல் இருக்காதே! குரல்தான் அவங்களுக்கு வேணும். கிடாரா வேணும்?"

அவள் அழுதுவிடுவாள்போல் இருந்தது. நான் சாப்பாட்டைத் தேடி அந்தப் பக்கம் பார்த்தேன். அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பசிக்கும்.

"சாப்பாட்டு நேரத்துல பிளேயர் எங்க இருந்துது?" பாஸ் கேட்டார்.

"இந்த மேசையிலதான். எல்லாரும் அடுப்படி வரிசைக்குப் போயிட்டோம். பெரோகியாச்சே." பெரோகி என்பது உள்ளே உருளைக்கிழங்கோ முட்டைக்கோஸோ வைத்து அவிக்கும் ஒரு வகைக் கொழுக்கட்டை.

"திரும்பி வந்து எடுத்ததும் மொதல்ல என்ன பண்ணின?"

"வால்யூமைக் கூட்டினேன்."

"ஏன்?"

"பூஜ்யத்துல இருந்துது."

"நீ வச்சியா?"

"ஐயோ, நான் தொடுவேனா! சோதனைக்கு ரெண்டு பிளேயரையும் ஒரே அளவுல வச்சு மார்க் பண்ணியிருக்கு. துளி கூடினாலும் கூடினதுதான் நல்லா இருக்குன்னு காது பொய் சொல்லும். இங்க எவனும் அதைத் தொட மாட்டான். உள்ள கோளாறாச்சே, தானா பூஜ்யத்துக்கு வந்திருக்கும்."

"எந்தப் பாட்டுல நின்னுது?"

"கடைசிப் பாட்டுல. நான் மொதல் பாட்டுலதான் வச்சிருந்தேன்."

பாஸ் கையைத் தேய்த்துக்கொண்டார். "ஃப்ளெட், அடுப்படிக்குப் போய் ஒரு பல்குச்சி வாங்கிட்டு வா."

பல்குச்சிக்குப் போனவன் தட்டோடு நின்றேன். மகளிர் அணித் தலைவி கரண்டியால் என்னை மேலும் கீழும் அளந்தாள்.

"உருளைக்கிழங்கு பெரோகி ரெண்டு" என்றேன் பணிவாக.

"இன்னைக்கு உருளைக்கிழங்கே போடல. ஊறவச்ச முட்டைக்கோஸ்தான். அதுவும் தீந்துபோச்சு. இந்தா பல்குச்சி, அதைக் கடிச்சிக்கோ."

உலகத்தின் மேல் இருந்த நம்பிக்கை பாதி போய்த் திரும்பினேன். பாஸ் பல்குச்சியை வாங்கி, சாவிக்கொத்து விளக்கை அடித்து, ஹெட்போன் சொருகும் ஓட்டையைக் குடைந்தார். ஒரு நெம்பு. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு துணுக்கு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"சூரியகாந்தி விதைத் தோல்" என்றார். "ஓட்டையோட அடியில அமுங்கிக் கிடந்துது. ஒயர் முழுசா இறங்கல. அதான் தொடுப்பு படல."

லாரிசா ஒயரைச் சொருகினாள். டிக்கென்று இறங்கியது. ஹெட்போனைக் காதில் வைத்தவள் "வந்துட்டா!" என்று கூவிக்கொண்டே எகிறிக் குதித்தாள். என்னைக் கட்டிப் பிடித்தாள், பாஸைக் கட்டிப் பிடித்தாள், ஒயர் தடவிக்கொண்டிருந்தவரையும் கட்டிப் பிடித்தாள். அவருக்கு ஏன் என்றே தெரியவில்லை, ஆனாலும் சந்தோஷமாக இருந்தார். நானும் கேட்டேன். பாடகி நட்ட நடுவில் எதுவுமே நடக்காததுபோல் பாடிக்கொண்டிருந்தாள்.

"இதை நீ பாக்கலயா?" என்றேன்.

"உள்ள கோளாறுன்னு நெனச்சேனே!" லாரிசா தலையில் அடித்துக்கொண்டாள். "திறந்து திறந்தே பழகிட்டேன். ஓட்டைய எவ பாத்தா!"

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் குளிர்ந்த காற்றாக வந்தது. "இன்னைக்கு வந்தாச்சு. நாளைக்கு மறுபடி போகாதுன்னு என்ன நிச்சயம்?"

சிக்ரூன் தோர்லாக்சன். கம்பளிச் சட்டை, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, எதையும் நம்பாத புருவம்.

"பழுது பாத்ததுன்னாலே எனக்கு இதுதான் பயம்" என்றார் அவர். "ஏன் போச்சுன்னு தெரியாம நான் எப்படி நம்புறது?"

லாரிசாவின் முகம் மறுபடி விழுந்தது.

"ஏன்னு சொல்றேன்" என்றார் பாஸ். "ஒரு பத்து நிமிஷம் கொடுங்க."

*

கார்னெட் பென்னரின் மேசையில் வெல்வெட் விரிப்பு, மேலே கறுப்புக் கண்ணாடிப் பலகைபோல் அவருடைய பிளேயர். பென்னர் பெரிய உருவம், சிவந்த கன்னம், யாரைப் பார்த்தாலும் வாடிக்கையாளராகத் தெரியும் கண்.

"வாங்க வாங்க! கேட்டுப் பாருங்க. சொந்தக்காரங்க பேச்சு கூட இதுல தேனா இருக்கும்."

எனக்கு ஒரு பாட்டு போட்டார். தேனாகத்தான் இருந்தது. பாட்டை நிறுத்தி, வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைத்து, துணியால் கண்ணாடியைத் துடைத்து, பாஸிடம் கொடுத்தார். பாஸ் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி பூஜ்யம், மறுபடி துணி.

"இது கெட்டுப்போனா?" என்றார் பாஸ்.

"கெடாதுங்க."

"பேட்டரி?"

"அதுக்குள்ள இதைவிட நல்லது வந்துடுமே!" சிரித்தார். சிரிப்பு கன்னத்தோடு நின்றுவிட்டது, கண்ணுக்குப் போகவில்லை.

"மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"எல்லாரும் இருந்த எடத்துலதான். பெரோகி வரிசையில."

"நல்லா இருந்துதா?" இதைக் கேட்டது நான். வயிறு கேட்டது என்றும் சொல்லலாம்.

"அபாரம்! உருளைக்கிழங்கு வெண்ணெயா கரைஞ்சுது."

என் வாழ்க்கையில் பசி எனக்குச் செய்த ஒரே உபகாரம் அந்த நொடியில் நடந்தது.

"பாஸ்! இன்னைக்கு உருளைக்கிழங்கே இல்ல! முட்டைக்கோஸ்!" நாற்காலியில் ஏறி நின்றுவிட்டேன். "மிஸ்டர் பென்னர், உங்க ஆட்டம் முடிஞ்சுது! நீங்க வரிசைக்கே வரல. லாரிசாவோட பிளேயர்ல விதைத் தோலைத் திணிச்சது நீங்கதான்! பாக்கெட்டக் காட்டுங்க!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. மூலையில் பதமாகிக்கொண்டிருந்த பிளேயர்கூட நின்றதுபோல் இருந்தது. பென்னர் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டார். விதைப் பொட்டலம் ஒன்று வந்தது. கூடவே அரைப் பிடி தோலும் விரிப்பில் கொட்டியது. அடுப்படியிலிருந்து மகளிர் அணித் தலைவி போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது.

தோர்லாக்சன் கண்ணாடியை மாட்டினார். "வேணும்னே கெடுத்தார்னா பென்னரோட பிளேயர் போட்டியிலயே கிடையாது. கேக்க வேண்டியதும் இல்ல. லாரிசாவுக்கே கொடுத்துடலாம்."

லாரிசா மூச்சை இழுத்துப் பிடித்தாள். நான் நாற்காலியில் நின்றபடியே குனிந்து வணக்கம் போடத் தயாரானேன்.

"அவர் கெடுக்கல" என்றார் பாஸ்.

"பாஸ்!" என்றேன். "கேஸ் நம்ம பக்கம்!"

"கீழ இறங்கு ஃப்ளெட். விதையில என்ன இருக்கு? உன் கோட்டுலயும்தான் இருக்கு."

இருந்தது. மெதுவாக இறங்கினேன்.

"பிளேயரை எடுத்துட்டுப் போனது இவர்தான்" என்று பாஸ் தொடர்ந்தார். "ஆனா யோசிங்க. கெடுக்க வந்தவன் திணிச்சான், ஓடினான்னு இருக்கணும். இவர் மொதல் பாட்டுலேர்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டிருக்கார். பெரோகியக் கூட விட்டுட்டு! அப்புறம் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைச்சிருக்கார். ஏன்? அடுத்து கேக்குறவங்க காதுல திடீர்னு அலறக் கூடாதுன்னு. கடையில நாள் பூரா அடுத்தவங்களுக்குப் போட்டுக் காட்டுற கை, அதுவா குறைச்சிடும். இப்ப நமக்கே ரெண்டு தடவை குறைச்சார். இந்த மண்டபத்துல வேற எவனும் சோதனைப் பிளேயரோட வால்யூமைத் தொட மாட்டான். அடுத்தவன் காதைக் காப்பாத்துற திருடன் அடுத்தவன் பிளேயரைக் கெடுப்பானா?"

பென்னரின் சிவந்த கன்னம் வெளுத்தது, மறுபடி சிவந்தது.

"தோல் எப்படி உள்ள போச்சுன்னு அவருக்கே தெரியாது. இங்க கேட்டா ஆள் பாத்துடுவாங்களே, அதான் கார்ல உக்காந்து கேட்டார், தன் ஒயரை உருவினார், பிளேயரைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்தார். ஓட்டை தோலை அள்ளிக்கிச்சு. இங்க வந்து லாரிசாவோட ஒயரைச் சொருகினப்ப அது அடியில அமுங்கிடுச்சு. இவ்வளவுதான். பென்னர், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஏன் எடுத்தீங்க?"

பென்னர் சட்டையின் உள்பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து விரிப்பில் வைத்தார். லாரிசா சரிசெய்த அதே ரகப் பழைய பிளேயர். ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தது. மூடி ஒரு பக்கம் புடைத்து நின்றது.

"விக்கிறது அது" என்று தன் கண்ணாடிப் பலகையைக் காட்டினார். "கேக்குறது இது. கேட்டுக்கிட்டு இருந்தது. இந்த வருஷம் செத்துப்போச்சு. நான் எப்படி லாரிசாகிட்ட கொண்டுபோவேன்? ஊரே சிரிக்காதா? இன்னைக்கு அவளோடத மேசையில பாத்தேன். ஒரு பாட்டு மட்டும்னுதான் எடுத்துட்டுப் போனேன். அப்புறம்... நிறுத்த முடியல." தலையைக் குனிந்துகொண்டார். "கெட்டுப்போச்சுன்னு சத்தியமா தெரியாது லாரிசா. மன்னிச்சிடு."

லாரிசா அந்தப் பிளேயரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு அலறினாள். "பேட்டரி உப்பிக் கிடக்கு! இதையா நெஞ்சுல வச்சிக்கிட்டு சுத்துறீங்க? தீப்பிடிச்சிருந்தா?"

"காதலுக்காக நெஞ்சு எரிஞ்சவங்க உண்டு பாஸ்" என்றேன். "ஆனா இந்த அளவுக்கு..."

இந்த முறை மண்டபமே சிரித்தது. பென்னரும் சிரித்தார், கண்ணும் சேர்ந்து.

*

"கெடுக்கலன்னா போட்டி நடந்துதான் ஆகணும்" என்றார் தோர்லாக்சன். சட்டம் என்றால் சட்டம். லாரிசா என்னை முறைத்தாள், பாஸை முறைத்தாள். சும்மா இருந்திருந்தால் போட்டி போடாமலே ஜெயித்திருப்பாள். பாஸ் சுவரில் இருந்த ஓவியத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

வால்யூமை மறுபடி அளந்து மார்க் பண்ணினார்கள். திரை போட்டார்கள். அந்தப் பக்கம் தோர்லாக்சன் ஹெட்போனோடு உட்கார, இந்தப் பக்கம் ஒயர் தடவுபவர் இரண்டு பிளேயரையும் மாற்றி மாற்றிச் சொருகினார். லாரிசா நகத்தைக் கடித்தாள். அவள் நகம் தீர்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நல்லவேளை அதைக் கடிக்கவில்லை.

திரை விலகியது.

"சொல்லுங்க, எது நல்லா இருந்துது?" என்றாள் லாரிசா.

தோர்லாக்சன் ஹெட்போனைக் கழற்றிவைத்தார். "ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

 வெள்ளி ஒயர்காரர் உட்கார நாற்காலி தேடினார். எனக்கோ எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருடத்தில் என் கட்சிக்கு ஓர் ஆள்!

"அப்ப யாருக்கு?" என்றாள் லாரிசா.

 தோர்லாக்சன் பென்னரின் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர் பென்னர், உங்க மேசையில உங்க பிளேயர் புதுசா சும்மாதானே கிடந்துது?"

"ஆமாங்க."

"அதைக் கையில எடுக்காம, மண்டபத்தைத் தாண்டி வந்து, எதை எடுத்துக்கிட்டு கார்ல போய் உக்காந்தீங்க?"

 பென்னர் ரப்பர் வளையம் போட்ட பிளேயரை எடுத்து, லாரிசாவின் முன்னால் மெதுவாக வைத்தார்.

"போதும்" என்றார் தோர்லாக்சன். நகத்தால் சுரண்டி, லாரிசாவின் பிளேயரிலிருந்த முத்திரைச் சீட்டைத் தானே உரித்தார். "எங்ககிட்ட இந்த மாதிரி செத்தது நிறையக் கிடக்கு. எப்படித் திறப்பேன்னு இப்பவே காட்டு, பாக்கணும்."

லாரிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிடார் வாசிக்கும் வில்லையை மூடியின் இடுக்கில் சொருகி ஓர் ஓட்டு ஓட்டினாள். க்ளக்.

அன்று முழுக்க அந்த மண்டபத்தில் எனக்கு வித்தியாசம் தெரிந்த ஒரே சத்தம் அதுதான். பென்னர் அதற்குள் தன் பழைய பிளேயரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு அவள் மேசை முன்னால் வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தார்.